பெட்டிகள் ஏன் அடங்கவில்லை? லோடு திட்ட நிரலின் கோளாறுகளை அறிகுறி வாரியாகச் சரிசெய்தல்

கல்லிடைக்குறிச்சி அப்பளம், கோவில்பட்டி கடலைமிட்டாய், உடன்குடி கருப்பட்டி, பத்தமடைப் பாய் என்று பழைய நெல்லைச் சீமையின் சரக்குகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கடல் கடக்க வேண்டுமானால், அத்தனையும் ஓர் இரும்புக் கன்டெய்னருக்குள் அடங்கியாக வேண்டும். எதை எங்கே வைப்பது என்ற திட்டத்தைக் கணினி நிரலிடம் ஒப்படைக்க நினைக்கும் லாரி செட்காரர்களுக்கும், அப்படி ஒரு நிரலை எழுத உட்கார்ந்திருக்கும் பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முப்பரிமாண அடுக்கல் கணக்கு என்.பி.-ஹார்ட் வகையைச் சேர்ந்தது, அதாவது பெட்டிகள் கூடக் கூட, சிறந்த விடையைத் தேடும் நேரம் கட்டுக்கடங்காமல் பெருகும். சில டஜன் பெட்டிகளைத் தாண்டினாலே, மிகச் சிறந்த அடுக்கு இதுதான் என்று கணினி உறுதியாகச் சொல்ல நாள் கணக்கில் ஆகலாம். ஆகவேதான் நல்ல விடையை விரைவாகத் தரும் ஹியூரிஸ்டிக் முறைகளை நாடுகிறோம். விடை சரியில்லை என்றதும் பலரும் முறையையே தூக்கி எறிந்துவிட்டு, ஜெனடிக் அல்காரிதம், நியூரல் நெட்வொர்க் என்று சிக்கலான முறைகளுக்குத் தாவுகிறார்கள். அது வீண் வேலை. கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் ஒளிந்திருக்கும்: கொடுத்த அளவு, பெட்டிகளை எடுக்கும் வரிசை, நிரலிடம் நாம் சொல்லாமல் விட்ட விதி. மூன்றில் எது என்பதை அறிகுறியே காட்டிக் கொடுக்கும்.

முதலில் பாருங்கள்: உண்மையிலேயே கோளாறா?

20 அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 5898 மி.மீ. நீளம், 2352 அகலம், 2393 உயரம். கன அளவு 33.2 கன மீட்டர். தயாரிப்பைப் பொறுத்துச் சில மி.மீ. கூடும், குறையும்.

1200 மி.மீ. கனசதுரப் பெட்டிகளை இதில் வையுங்கள். அகலத்தில் ஒன்று, உயரத்தில் ஒன்று, நீளத்தில் நான்கு. மொத்தம் நான்கே பெட்டி. கன்டெய்னரில் 21 சதவீதம்கூட நிரம்பவில்லை. ஆனாலும் இது குற்றமற்ற விடை. எந்த அல்காரிதத்தாலும் ஐந்தாவது பெட்டியை வைக்க முடியாது. பெட்டியை 1170 மி.மீ. ஆக்குங்கள். இப்போது அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு, நீளத்தில் ஐந்து என 20 பெட்டிகள் அடங்கி, 96 சதவீதத்துக்கு மேல் நிரம்புகிறது. வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர். 'சதவீதம் குறைவு' என்று நிரலைத் திட்டுமுன், பெட்டியின் அளவு கன்டெய்னரின் அளவைப் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ வகுக்கும் எல்லையை மயிரிழையில் தவறவிடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் பேச வேண்டியது அட்டைப்பெட்டி செய்பவரிடம்.

எடையையும் மறக்க வேண்டாம். 20 அடி கன்டெய்னர் தன் எடையோடு சேர்த்துத் தாங்கும் உச்சம் 30,480 கிலோ. காலிக் கன்டெய்னரே 2.2 டன்னுக்கு மேல். தூத்துக்குடி உப்பை ஏற்றினால் இடம் தீருவதற்கு வெகு முன்பே எடை தீர்ந்துவிடும். எடையால் முடிந்த லோடுக்குக் கன அளவுச் சதவீதத்தைக் கேட்பதில் பொருளே இல்லை.

அறிகுறி: கண்ணுக்கு இடம் தெரிகிறது, நிரல் 'இடமில்லை' என்கிறது

தசமப் புள்ளி எண்களை முதலில் சந்தேகப்படுங்கள். மீட்டரில் 0.1, 0.2 என்று கொடுத்துக் கூட்டினால் கணினிக்குக் கிடைப்பது 0.3 அல்ல, 0.30000000000000004. அந்த நுனி எச்சம் போதும், 0.3 மீட்டர் இடைவெளியில் அந்தப் பெட்டி நுழையாது என்று நிரல் முடிவு கட்டிவிடும். எல்லா அளவுகளையும் மில்லிமீட்டரில் முழு எண்ணாக வையுங்கள்.

அடுத்தது மோதல் சோதனை. இரண்டு பெட்டிகள் மோதவில்லை என்றால் ஏதேனும் ஒரு திசையிலாவது ஒன்றின் முடிவு மற்றதன் தொடக்கத்துக்குச் சமமாகவோ முன்பாகவோ இருக்க வேண்டும். 'சமமாகவோ' என்ற அந்தச் சொல்லை நிரலில் விட்டுவிட்டால், ஒட்டி நிற்கும் பெட்டிகள் எல்லாம் மோதுவதாகக் கணக்காகிவிடும். திட்டத்தை வரைந்து பார்த்தால் பெட்டிகளுக்கு நடுவே காரணமில்லாத மெல்லிய கோடுகள் தெரிவது இதன் அடையாளம்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. பல நிரல்கள் இடம் முழுவதையும் தேடுவதில்லை. சில புள்ளிகளை மட்டும் முயன்று பார்க்கின்றன. மார்ட்டெல்லோ, பிசிங்கர், விகோ ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில் பயன்படுத்திய மூலைப் புள்ளி முறை, ஏற்கெனவே வைத்த பெட்டிகளின் வெளி விளிம்பில் உள்ள மூலைகளை மட்டுமே பார்க்கும். விளிம்புக்கு உள்ளே அடைபட்ட குழி அதன் கண்ணில் படாது. 2008இல் கிரைனிக், பெர்போலி, டாடேய் ஆகியோர் தந்த முனைப் புள்ளி முறை இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது: ஒரு பெட்டியை வைத்ததும் அதன் மூன்று முனைகளிலிருந்து, சுவரோ வேறு பெட்டியோ தடுக்கும்வரை கோடு இழுத்து, கோடு முட்டும் இடங்களையும் முயற்சிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். உங்கள் நிரல் மூலைப் புள்ளியோடு நின்றிருந்தால் இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கலாம்.

அறிகுறி: பெட்டி அந்தரத்தில் நிற்கிறது

முனைப் புள்ளிக்கு மாறிய கையோடு பலருக்கும் இது வந்து சேரும். கணக்கோடு பார்ப்போம்.

கதவுக்கு எதிரே இருக்கும் உள்சுவரின் கீழ்மூலையை (0,0,0) என்று கொள்வோம். முதல் எண் நீளம், இரண்டாவது அகலம், மூன்றாவது உயரம். 'அ' பெட்டி 1000×800×600, மூலையில் வைத்தாயிற்று. 'ஆ' பெட்டி 500×500×900. அதை 'அ'வுக்கு அடுத்து (1000,0,0) என்ற இடத்தில் வைக்கிறோம். 'ஆ'வின் மேல்முனை (1000,0,900). அங்கிருந்து உள்சுவரை நோக்கிக் கோடு இழுத்தால், 'அ'வின் உயரம் 600தான் என்பதால் அது தடுக்காது. கோடு சுவரில் போய் முட்டுகிறது: (0,0,900). நிரல் அங்கே அடுத்த பெட்டியை வைத்தால், 'அ'வின் மேல்தளத்துக்கும் அதற்கும் நடுவே 300 மி.மீ. காற்று.

புள்ளி தவறானதல்ல, வைத்த பின் இறக்க மறந்ததுதான் கோளாறு. எந்தப் புள்ளியில் பெட்டியை வைத்தாலும், கீழே ஏதாவது தடுக்கும்வரை இறக்குங்கள். பிறகு உள்சுவரை நோக்கியும் பக்கச் சுவரை நோக்கியும் தள்ளுங்கள். எதுவும் அசையாத நிலை வரும்வரை இதைத் திருப்பிச் செய்ய வேண்டும்.

இறக்கியதோடு ஆயிற்றா என்றால், இல்லை. பெட்டியின் அடிப்பரப்பில் எத்தனை பங்கு கீழே உள்ளவற்றின் மீது உட்கார்ந்திருக்கிறது என்று கணக்கிடுங்கள். அடிப்பரப்பு முழுவதும் தாங்கப்பட வேண்டும் என்பது கறாரான விதி. 75, 80 சதவீதம் போதும் என்று தளர்த்தினால் நிரப்பளவு, அதாவது கன்டெய்னர் நிரம்பும் சதவீதம், உயரும். ஆனால் பெட்டியின் எடைமையத்துக்கு நேர் கீழே தாங்கல் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள். நான்கு மூலைகளில் மூன்றுக்காவது கீழே ஆதாரம் வேண்டும் என்பது என் பிடிவாதம். வல்லநாடு வழியாகத் துறைமுகம் போகும் லாரி, பிரேக் போடும்போது சதவீதக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்காது.

அப்பளப் பெட்டிக்குக் கூடுதல் விதி உண்டு: அதன் மேல் எதுவும் வரக்கூடாது, அல்லது அப்பளப் பெட்டி மட்டுமே வரலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் 'மேலே தாங்கும் கிலோ' என்று ஓர் எண்ணைக் கொடுங்கள். அடுக்கு உயர உயர அந்த எண்ணைக் கழித்துக்கொண்டே போகும்படி நிரலை எழுதுங்கள். அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு நெடுக்கு முனைகளில்தான் இருக்கிறது. முனை மேல் முனை நேராக நிற்கும் அடுக்கு அதிக எடை தாங்கும், ஆனால் மொத்தமாகச் சாயலாம். செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி வைத்தால் சாயாது, ஆனால் முனைகள் அட்டையின் நடுவில் அழுத்துவதால் தாங்கும் எடை கணிசமாகக் குறையும். கீழ் அடுக்குகளை நேராகவும், மேலே ஓரிரு அடுக்குகளை மாற்றியும் வைப்பது நல்ல சமரசம்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் நிரப்பளவு 70, 80 சதவீதத்தில் நின்றுவிடுகிறது

இதில்தான் பணம் இருக்கிறது. ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே அளவுப் பெட்டிகள் நிறைந்த லோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடலைமிட்டாய் அட்டைப்பெட்டி, வெளியளவு 400×300×250 மி.மீ. என்று வைப்போம். 250 பக்கம்தான் உயரம். உயரத்தில் 9 அடுக்கு போகும்.

400 பக்கத்தை அகலவாக்கில் வைத்தால் ஒரு வரிசைக்கு 5, நீளத்தில் 19 வரிசை. ஓர் அடுக்குக்கு 95, மொத்தம் 855. இது 77 சதவீதம். பெட்டியைத் திருப்பி 300 பக்கத்தை அகலவாக்கில் வைத்தால் வரிசைக்கு 7, நீளத்தில் 14 வரிசை. அடுக்குக்கு 98, மொத்தம் 882. இது 80 சதவீதம். பல நிரல்கள் இந்த இரண்டையும் ஒப்பிட்டு 882ஐத் தந்துவிட்டு ஓய்ந்துவிடும்.

இரண்டையும் கலந்து பாருங்கள். நீளவாக்கில் ஓடும் நிரையைப் பத்தி என்போம். 400 அகலத்தில் ஐந்து பத்தி, 300 அகலத்தில் ஒரு பத்தி: 2000 + 300 = 2300. அகலத்தில் வீணாவது 52 மி.மீ. மட்டுமே. ஐந்து பத்திகளில் 19 வீதம் 95, ஒரு பத்தியில் 14. அடுக்குக்கு 109, மொத்தம் 981. நிரப்பளவு 88 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அல்காரிதம் மாறவே இல்லை. அகலத்தைத் துண்டுபோடும் விதம் மட்டும் மாறியது.

இன்னும் ஒரு படி. மேலே 143 மி.மீ. காலியாக இருக்கிறதல்லவா? பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்க அனுமதி இருந்தால், ஒன்பதில் இரண்டு அடுக்குகளை 300 உயரத்தில் வைக்கலாம்: 7×250 + 2×300 = 2350. அந்த இரண்டு அடுக்குகளில் பெட்டியின் அடித்தளம் 400×250. அகலத்தில் 400 இரண்டு பத்தி, 250 ஆறு பத்தி: 2300. இரண்டு பத்தியில் 23 வீதம் 46, ஆறு பத்தியில் 14 வீதம் 84, அடுக்குக்கு 130. மொத்தம் 763 + 260 = 1023 பெட்டி. 92 சதவீதம்.

நிரல் இதைவிடவும் ஆசைப்படும். 400 நான்கு, 250 மூன்று என்றால் 2350. அடுக்குக்கு 134 பெட்டி. ஆனால் மிச்சம் இரண்டே மி.மீ. சரக்கு அடைத்த அட்டைப்பெட்டி வயிறு புடைத்து நிற்கும் என்பது ஏற்றிப் பார்த்த யாருக்கும் தெரியும். ஏழு பெட்டிகள் ஒரு வரிசையில் வரும்போது இரண்டு மி.மீ. எங்கே போகும்? கன்டெய்னரின் அகலத்திலிருந்து 30 மி.மீ. கழித்துக் கொடுத்துவிட்டு நிரலை ஓட்டுங்கள். அட்டைப்பெட்டிக்காரர் தருவது பெரும்பாலும் உள்ளளவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தடுக்கு அட்டையானால் வெளியளவு ஒரு சென்டிமீட்டர் வரை கூடும்.

இந்தப் பத்தி பிரிக்கும் சிந்தனைதான் ஜார்ஜும் ராபின்சனும் 1980இல் முன்வைத்த சுவர் கட்டும் முறையின் வேர்: உள்சுவரிலிருந்து கதவை நோக்கி, ஒவ்வொரு சுவராக எழுப்பிக்கொண்டே வருவது. ஒரே வகைப் பெட்டிகள் நிறைய இருக்கும் ஏற்றுமதிக்கு இன்றும் இதையே முதலில் பரிந்துரைப்பேன். திட்டம் ஏற்றுபவருக்குப் புரியும் வடிவில் வரும் என்பது இதன் பெரிய பலம்.

பல அளவுகள் கலந்த லோடானால் கதை வேறு. அங்கே எடுக்கும் வரிசையே தலைவிதி. ஒரே பரிமாணத்தில், பெரியதை முதலில் எடுத்து இடம் கிடைத்த முதல் கன்டெய்னரில் போடும் முறைக்குத் தேவைப்படும் கன்டெய்னர்களின் எண்ணிக்கை, உத்தம விடையின் ஏறத்தாழ 11/9 மடங்குக்கு மேல் போகாது என்று டேவிட் ஜான்சன் 1973இல் நிறுவினார். முப்பரிமாணத்தில் 'பெரியது' எது என்பதே தகராறு. கன அளவா, அடிப்பரப்பா, நீண்ட பக்கமா? கன அளவு வாரியாக அடுக்கினால், பத்தமடைப் பாய்க்கட்டுபோல ஒல்லியாக நீண்ட பொருள் பட்டியலின் கடைசிக்குப் போய், அதற்கு இடமே இல்லாமல் போகும். அடிப்பரப்பு கிட்டத்தட்ட ஒத்தவற்றை ஒரு குழுவாக்கி, குழுவுக்குள் உயரம் வாரியாக அடுக்குங்கள். ஒத்த உயரங்கள் அடுத்தடுத்து வருவதால் மேல்தளம் சமமாகும். சமமான தளத்தின் மேல்தான் அடுத்த அடுக்கு உட்காரும்.

அதுவும் போதவில்லையா? வரிசையைச் சற்றே குலைத்து மறுபடி மறுபடி ஓட்டி, சிறந்ததை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த பெட்டிகளின் வரிசையைச் சிறு நிகழ்தகவோடு மாற்றுவதே போதும். ஒரு நிமிட நேரம் கொடுத்தால், எளிய நிரல்கூட வியக்கத்தக்க விடையைத் தரும். இதற்குப் பிறகும் நிரப்பளவு ஏறவில்லையென்றால் மட்டும் ஜெனடிக் அல்காரிதத்தைப் பற்றி யோசியுங்கள். உங்கள் நிரல் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று அறிய, பிஷாஃப், ராட்கிளிஃப் இருவரும் 1995இல் உருவாக்கிய சோதனைக் கணக்குகள் பொதுவில் கிடைக்கின்றன. 587×233×220 செ.மீ. கன்டெய்னருக்கான அந்தக் கணக்குகளில் நல்ல முறைகள் 90 சதவீதத்துக்கு மேல் எட்டுகின்றன.

அறிகுறி: ஒரே லோடுக்கு இன்று ஒரு விடை, நாளை வேறு

குலைத்து ஓட்டும் நிரலில் இது இயல்பு. ரேண்டம் விதை எண்ணை, அதாவது குலைக்கும் விதத்தைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை, திட்டத்தோடு சேமித்துவிடுங்கள். குலைக்காத நிரலிலும் வந்தால், சம அளவுள்ள பெட்டிகளுள் எது முன்னால் என்பதற்கு விதி இல்லை என்று பொருள். பெட்டி எண்ணைக் கடைசித் தரவரிசையாகச் சேருங்கள்.

அறிகுறி: திட்டம் அழகாக இருக்கிறது, லோடுமேன்களால் ஏற்ற முடியவில்லை

கதவை அளந்தீர்களா? 2393 உயரமுள்ள கன்டெய்னரின் கதவு உயரம் ஏறத்தாழ 2280தான். 2350 உயர மரப்பெட்டி உள்ளே நிற்கும் என்று நிரல் சொல்லும், வாசலைத் தாண்டாது.

அடுத்து, ஏற்றும் வரிசை. நிரல் பெட்டிகளை வைத்த வரிசை வேறு, மனிதர்கள் ஏற்ற வேண்டிய வரிசை வேறு. ஒவ்வொரு பெட்டிக்கும் முன் எவையெவை உள்ளே இருந்தாக வேண்டும் என்று பாருங்கள்: கீழே தாங்குபவை, உள்சுவர்ப் பக்கம் பின்னால் நிற்பவை. இந்தச் சார்புகளை வைத்து வரிசையை மறுபடி கணக்கிடுங்கள். 'அ'வுக்கு முன் 'ஆ', 'ஆ'வுக்கு முன் 'அ' என்று சுற்றிக்கொண்டு வந்தால் அந்தத் திட்டத்தை ஏற்றவே முடியாது. நிரல் அதை நிராகரிக்க வேண்டும்.

திட்டத்தை அச்சிடும்போது முப்பரிமாணப் படத்தை மட்டும் கொடுக்காதீர்கள். சுவர் வாரியாக, கதவிலிருந்து பார்க்கும் கோணத்தில், தமிழில் எழுதிக் கொடுங்கள்: 'மூன்றாம் சுவர், கீழிருந்து ஏழு அடுக்கு படுக்கை, மேலே இரண்டு அடுக்கு சாய்வு.' பேட்டை கிடங்குகளில் வேலை செய்யும் அண்ணாச்சிமாரிடம் அந்தத் தாளை ஒரு முறை காட்டிக் கேளுங்கள். 'இந்தப் பெட்டியை அந்த உயரத்தில் கை எட்டாது' என்று அவர்கள் சொல்வது நிரலுக்குத் தெரியாத விதி. அதை எழுதிச் சேருங்கள்.

அறிகுறி: அம்பாசமுத்திரத்தில் இறக்க வேண்டியது தென்காசிச் சரக்குக்குப் பின்னால் இருக்கிறது

உள்ளூர் விநியோக லாரிகளில் வரும் கோளாறு. திருநெல்வேலியிலிருந்து கிளம்பி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி என்று இறக்கிக்கொண்டு போகும் லாரியில் தென்காசிச் சரக்கு முதலில் ஏற வேண்டும். இறக்கும் ஊரின் தலைகீழ் வரிசையை முதல் தரவரிசையாகவும், பெட்டியின் அளவை இரண்டாவதாகவும் வையுங்கள். ஊருக்கு ஊர் முழுச் சுவர் என்று கறாராகப் பிரித்தால் ஒவ்வொரு எல்லையிலும் இடம் வீணாகும். சுவரின் மேல்பாதியை அதற்கு முந்தி இறக்கும் ஊருக்குக் கொடுக்கலாம். அது எப்படியும் முதலில் இறங்கிவிடும்.

அறிகுறி: எடை ஒரு பக்கம் குவிகிறது

கன்டெய்னர் நீளத்தில் ஒரு பாதியில் மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் வரக்கூடாது என்பது துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கருப்பட்டிபோல் கனமானவை எல்லாம் பட்டியலின் தலையில் வந்து உள்சுவரோடு போய்ச் சேர்வதால் இது நேர்கிறது. சுவர் கட்டும் முறையில் அடுக்கியிருந்தால் மருந்து எளிது: சுவர்கள் ஒன்றையொன்று சாராதவை, அவற்றின் இடத்தை மாற்றினால் நிரப்பளவு துளியும் மாறாது. கனமான சுவர்களை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். 2016 ஜூலை 1 முதல், நிரப்பிய கன்டெய்னரின் சரிபார்த்த எடையைக் கப்பலில் ஏற்றுமுன் தெரிவிப்பது கட்டாயம். ஆகவே பெட்டி எடைகளை உத்தேசமாகப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: நிரல் ஆமை வேகம்

பெட்டிகள் கூடக் கூட முயற்சிப் புள்ளிகள் குவிகின்றன. வைத்த பெட்டிக்குள் அடங்கிவிட்ட புள்ளிகளையும் இரட்டைப் புள்ளிகளையும் உடனுக்குடன் நீக்குங்கள். மிச்சமிருக்கும் எந்தப் பெட்டியின் குறைந்தபட்சப் பக்கமும் நுழையாத இடத்தையும் நீக்கலாம்.

அறிகுறி: பாய்ச்சுருள், உருளை டின் வந்தால் மட்டும் மோசம்

உருளையைச் சதுரப் பெட்டியாகக் கணக்கிட்டால், தொடக்கத்திலேயே 21 சதவீதத்துக்கு மேல் இடத்தைத் தாரைவார்த்து விடுகிறோம். 150 மி.மீ. விட்டமுள்ள பாய்ச்சுருள்களை நீளவாக்கில் படுக்கவைப்பதாகக் கொள்வோம். சதுரக் கணக்கில் அகலத்தில் 15, உயரத்தில் 15, ஆக 225. ஒரு வரிசையின் பள்ளத்தில் அடுத்த வரிசை உட்காரும்படி வைத்தால் வரிசைக்கு வரிசை உயரம் 130 மி.மீ.தான், 18 வரிசை போகும். அகலத்தில் 102 மி.மீ. மிச்சம் இருப்பதால் அரை விட்டம் தள்ளி நிற்கும் வரிசையிலும் 15 சுருள் கொள்ளும். மொத்தம் 270, அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

பொது நிரலை உருளைக்காகத் திருத்தி எழுத வேண்டியதில்லை. சுருள்களை மட்டும் இப்படித் தனியே அடுக்கி, அந்த முழு அடுக்கையும் ஒரே பெரிய பெட்டியாக நிரலிடம் கொடுங்கள். அதன் மேல்தளம் மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் 'மேலே தாங்கும் கிலோ' சுழியம். கதவுப் பக்கம் சுருள்கள் உருண்டு வராதபடி பலகைத் தடுப்பு வைக்க 50 மி.மீ. நீளத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.